உள்ளங்கை நூலகமும் ஒரு துண்டுக் கடலும்

இந்தக் கோடைக்குள் பால்கனியை மீட்டே தீருவது என்று சப்ரி முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் தேய்க்கும்போது. பெரிய முடிவுகள் எடுக்க அந்த வீட்டில் அவருக்குத் தனியாகக் கிடைத்த இடம் குளியலறை ஒன்றுதான்.

மீட்க வேண்டியது ஒன்றும் சாம்ராஜ்யம் அல்ல. அலெக்ஸாந்திரியாவில், டிராம் பாதைக்கு ஒரு தெரு தள்ளி, நாலாவது மாடியில், இரண்டு ஆள் நீளமும் ஒரு ஆள் அகலமும் உள்ள ஒரு கண்ணாடிச் சட்டம் போட்ட பால்கனி. ஆனால் அங்கே நின்று கழுத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்தால், எதிரே இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் கடல் தெரியும். முழுக் கடல் இல்லை. ஒரு துண்டு. யாரோ துவைத்துக் காயப்போட்டுவிட்டு எடுக்க மறந்துபோன நீலத் துணி மாதிரி ஒரு துண்டு. அதை நம்பித்தான் கல்யாணமான புதிதில் சப்ரி இந்த வீட்டைப் பிடித்தார். தபால் ஆபீசிலிருந்து வந்ததும் பிரம்பு நாற்காலியில் சாய்ந்து, எந்த முத்திரையும் குத்தத் தேவையில்லாத ஒன்றை இருட்டும் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவருடைய ஆசை அவ்வளவுதான்.

மகள் நிஹால் பிறந்தபோது தொட்டிலுக்கு இடம் தேவைப்பட்டது. மனைவி இன்ஸாஃப் கொண்டுவந்த நாலு புத்தக அலமாரிகளையும் சப்ரியே தள்ளிக்கொண்டுபோய் பால்கனியில் வைத்தார். இரண்டு மாதத்துக்குத்தான் என்றார். நிஹால் இப்போது கல்யாணமாகிப் போன தன்தா ஊரில் தன் பிள்ளைக்குத் தொட்டில் வாங்கிவிட்டாள். அலமாரிகள் நகரவில்லை. பிரம்பு நாற்காலி பரணில் கால்களை மேலே தூக்கிக்கொண்டு கிடந்தது.

நேரடித் தாக்குதல்கள் மூன்று நடந்து மூன்றும் தோற்றிருந்தன. முதல் தடவை, புத்தகம் இருந்தால் கரப்பான் வரும் என்றார். இன்ஸாஃப் நாலு அலமாரியையும் தட்டித் துடைத்தாள். கரப்பான் கிடைக்கவில்லை; அவர் ஒளித்து வைத்திருந்த சிகரெட் பெட்டி கிடைத்தது. இரண்டாம் தடவை, பால்கனி பாரம் தாங்காமல் இடிந்து விழும் என்றார். அப்படியானால் நீங்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது என்று அவருடைய வயிற்றைப் பார்த்துக்கொண்டே அவள் தடை போட்டாள். மூன்றாம் தடவை, படித்து முடித்த புத்தகத்தை எதற்கு வைத்திருக்க வேண்டும் என்று கேட்டார். பார்த்து முடித்த கடலை எதற்குத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டாள். அன்றைக்கு சப்ரி சீக்கிரமே தூங்கப் போய்விட்டார்.

வழி டிராமில் கிடைத்தது. எதிர் இருக்கையில் ஒரு கல்லூரிப் பெண் கையகலப் பலகை ஒன்றில் எதையோ ஆழ்ந்து படித்துக்கொண்டிருந்தாள். கைபேசி மாதிரி அது மின்னவில்லை, கண்ணைக் குத்தவில்லை. அச்சடித்த காகிதம் போலச் சாதுவாக இருந்தது. சப்ரி கேட்டார். மின்னூல் கருவி என்றாள். உள்ளே எத்தனை புத்தகம் பிடிக்கும் என்று கேட்டார். ஆயிரக்கணக்கில் என்று அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினாள்.

ஆயிரக்கணக்கில். உள்ளங்கை அகலத்தில். நாலு அலமாரி ஒரு பலகைக்குள் போய் உட்காரும் என்றால், பால்கனியில் மிச்சம் என்ன இருக்கும்? நாற்காலி. அவர். கடல். இறங்க வேண்டிய நிறுத்தம் போய், அதற்கடுத்ததும் போய்விட்டது. அன்று மாலையே, பெருநாள் போனஸை அப்படியே கொண்டுபோய்க் கடையில் கொடுத்துக் கருவியை வாங்கினார். கடைப் பையன் வண்ணத் தாளில் சுற்றி ரிப்பன் கட்டினான். எதிரியின் கோட்டைக்குள் மரக்குதிரை அனுப்பியவன்கூட இவ்வளவு அழகாக ரிப்பன் கட்டியிருக்க மாட்டான் என்று சப்ரி நினைத்துக்கொண்டார்.

இன்ஸாஃப் பிரித்துப் பார்த்தாள். இருபத்துநாலு வருஷத்தில் அவர் அவளுக்கு வாங்கித் தந்த முதல் புத்தகம் இது, அதுவும் மொத்தமாக.

எப்படிப் படிப்பது என்று காட்டுவதற்கு சப்ரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கடையில் இங்கிலீஷ் புத்தகத்தைத் திறந்துதான் காட்டியிருந்தார்கள். வலப்பக்கம் தொட்டால் அடுத்த பக்கம் என்று வழி நெடுக நெட்டுருப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். வீட்டில் திறந்ததோ அரபு நாவல். அரபு வலமிருந்து இடமாகப் போகும் என்பது கருவிக்குத் தெரிந்திருந்தது. பிறந்ததிலிருந்து அரபு படிக்கும் சப்ரிக்கு அந்த நேரம் பார்த்து மறந்துபோயிற்று. வலப்பக்கம் தொட்டார். அட்டை வந்தது. மறுபடி தொட்டார். மறுபடி அட்டை. அழுத்தித் தொட்டார். அட்டை அசையவில்லை.

"ஆயிரம் புத்தகம்னீங்களே அபூ நிஹால்," என்றாள் இன்ஸாஃப்; நிஹாலின் அப்பா என்றுதான் அவரைக் கூப்பிடுவாள். "அட்டை மட்டும் ஆயிரமா?"

"புது மெஷின். சூடாக வேண்டாமா?"

அவள் கருவியை வாங்கி, அரபுப் புத்தகத்தை எந்தப் பக்கம் புரட்டுவார்களோ அந்த இடப்பக்கம் விரலை வைத்தாள். கதை தொடங்கிவிட்டது. எழுத்தைப் பெரிதாக்கினாள், அது குழந்தைக் கன்னம் போல உப்பிக்கொண்டு வந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். அடுப்பில் மொலோகியாக் கீரை அடிப்பிடித்த வாசனை கூடம் வரைக்கும் வந்த பிறகுதான் தலை நிமிர்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்தபோது சப்ரிக்கே ஒரு கணம் தான் நல்லவன்தானோ என்று தோன்றியது. ஆனால் கடல் கூப்பிட்டது.

"உம் நிஹால், இனிமே பால்கனியில அந்தச் சுமை எதுக்கு?"

"எதுக்கு?" என்றாள் அவளும், படித்துக்கொண்டே.

"காலி பண்ணிடட்டுமா?"

"பண்ணுங்க. நான் எப்போ வேண்டாம்னேன்?"

கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு சுலபமாக அந்த வீட்டில் எதுவும் நடந்ததில்லை. சப்ரிக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அதற்கு இடம் விடாமல் சந்தோஷம் முந்திக்கொண்டது.

பழைய புத்தகம் வாங்கும் ஒரு வியாபாரியை வெள்ளிக்கிழமை வரச் சொன்னார். தொழுகை முடிந்து வந்த கையோடு சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வேலையில் இறங்கினார். முதுகு வலிக்காரர் என்று தெருவுக்கே தெரிந்த மனிதர், முந்நூறு புத்தகத்தைக் கட்டுக் கட்டாகச் சுமந்து கூடத்தில் இறக்கினார். அலமாரிகளைத் தனி ஆளாகத் தள்ளிக்கொண்டு வந்தார். பாடிக்கொண்டே தள்ளினார். சத்தம் கேட்டுக் கீழ் வீட்டு வஹ்பி, முப்பது வருஷம் நீதிமன்ற எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், வேடிக்கை பார்க்க மேலே வந்துவிட்டார். சப்ரி பால்கனியைக் கழுவித் துடைத்து, பரணிலிருந்து நாற்காலியை இறக்கி, நடுவில் போட்டார். உட்காரவில்லை. வியாபாரி போனதும் உட்காரலாம் என்று, விருந்துக்கு முன் பசியைச் சேர்த்து வைப்பவர் போல, தூரத்திலிருந்து மட்டும் பார்த்துக்கொண்டார். கடல் வந்து அந்த இடைவெளியில் நின்றது.

வியாபாரி வந்தான். ஒரு கட்டைப் பிரித்து முகர்ந்து பார்த்தான். இன்ஸாஃப் எல்லாருக்கும் சர்க்கரை தூக்கலாகத் தேநீர் கொண்டுவந்தாள். தட்டில் மூன்று கண்ணாடிக் குவளைகள். பக்கத்தில் நாலாக மடித்த, பழுப்பேறிய ஒரு தாள்.

"வஹ்பி அண்ணே, உங்களுக்கு இந்த மாதிரி எழுத்தெல்லாம் பழக்கம். கொஞ்சம் வாசிங்களேன்."

அது அவர்களுடைய கல்யாணச் சீர்ப் பட்டியல். பெண்ணோடு வரும் பொருளையெல்லாம் எழுதி, இதெல்லாம் அவளுடையது, என்னிடம் அடைக்கலமாக இருக்கிறது என்று மாப்பிள்ளை கையெழுத்துப் போடாமல் அந்த ஊரில் எந்தக் கல்யாணமும் நடக்காது. மற்ற வீடுகளில் அந்தப் பட்டியலில் கண்ணாடி அலமாரியும், யாரும் ஒரு நாளும் சாப்பிடாத பீங்கான் தட்டுகளும் இருக்கும். இன்ஸாஃபின் தகப்பனார் பள்ளிக்கூட வாத்தியார். பீங்கானுக்கு வசதி இல்லை. தன்னிடம் இருந்ததை எழுதினார், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக மூச்சு விடும் அழகான கையெழுத்தில். நாலு மர அலமாரிகள். அவற்றில் உள்ள முந்நூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள். அதன் கீழே சப்ரியின் கையெழுத்து, கோணலாக. அன்றைக்கு அவர் தாளைப் பார்க்கவில்லை, பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வஹ்பி தொண்டையைச் செருமி, கடைசி வரி வரை நீதிமன்றக் குரலில் வாசித்தார். வாசித்துவிட்டுத் தேநீரை ஒரு வாய் உறிஞ்சினார்.

"யா சப்ரி, பட்டியல்ல இருக்கறத அவங்க சம்மதம் இல்லாம வித்தா கேஸ். உள்ளதான் போகணும். நானே எத்தனை பேரோட ஃபைல் கட்டியிருக்கேன்."

வியாபாரி குவளையை அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்தான். "மன்னிக்கணும் பாஷா. கடன்காரன் வீட்டுச் சாமான் வாங்குவேன். செத்தவர் வீட்டுச் சாமான் வாங்குவேன். பொண்டாட்டி சீரு மட்டும் வாங்க மாட்டேன். மதாம், டீ அருமை." படியில் அவன் இறங்கிய வேகத்தைப் பார்த்தால் தேநீரை ருசித்திருப்பான் என்று தோன்றவில்லை.

"நீதான காலி பண்ணச் சொன்ன?" என்றார் சப்ரி.

"பால்கனியத்தான் சொன்னேன். விக்கிறதப் பத்தி யார் பேசினா?" இன்ஸாஃப் ஒரு புத்தகத்தை எடுத்து அட்டையைத் தடவினாள். "கடல் காத்துல எல்லாம் ஊதிப்போகுது, உள்ள எடுத்து வைங்கன்னு ஆறு வருஷமாச் சொல்றேன். கூடத்துல இடமில்ல, முதுகு வலின்னீங்க. இன்னைக்கு எப்படியோ வலிக்கல. நல்லா இருப்பீங்க."

வஹ்பி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தோள் குலுங்கியது.

சப்ரி கணக்குப் போட்டுப் பார்த்தார். புத்தகம் போகவில்லை, சரி. பால்கனி காலிதானே? ஜெயித்தது அதுதானே? விருந்தாளிகளுக்கென்று போட்ட தங்க முலாம் நாற்காலிகளை நகர்த்தக் கூடாது என்று இன்ஸாஃப் சொன்னபோதுகூட அவர் தளரவில்லை. இரண்டு அலமாரியைச் சுவரோரம் நிறுத்தினார். மீதி இரண்டையும் கூடத்தின் ஒரே ஜன்னலை அடைத்தபடி வைத்தார். அது அவருடைய சொந்த யோசனை. ஜன்னல் போனால் என்ன, பால்கனி இருக்கிறதே என்று வஹ்பியிடம் பெருமையாகச் சொன்னார். பட்டப்பகலில் கூடம் இருண்டது. முந்நூற்றுப் பன்னிரண்டையும் அடுக்கி முடித்து, முகம் கழுவி, நல்ல சட்டை போட்டு, தலை வாரிக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவரைப் போல சப்ரி பால்கனிக் கதவைத் தள்ளினார்.

கண்ணாடிகள் திறந்திருந்தன. வெயில் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. பிரம்பு நாற்காலியில் இன்ஸாஃப் சாய்ந்திருந்தாள், கால்களைக் கம்பியின் மேல் நீட்டிக்கொண்டு. மடியில் கருவி.

"கூடத்துல ஒரே இருட்டு," என்றாள். "இது போன் மாதிரி இல்லீங்க. வெயில்ல வச்சா அப்படியே அச்சு மாதிரி பளிச்சுன்னு தெரியுது. என்ன சாமான் வாங்கிட்டு வந்திருக்கீங்க. நெஜமாவே சொல்றேன், இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு ரொம்ப நாளாச்சு."

பொய் இல்லை. அவள் குரல் அப்படித்தான் இருந்தது, கல்லூரி வாசலில் முதல் நாள் நிற்கும் பெண்ணைப் போல. எப்போது முடிப்பாய் என்று மட்டும் சப்ரி கேட்டார்.

இன்ஸாஃப் திரையின் ஓரத்தைப் பார்த்தாள்.

"முதல் புத்தகம் நூத்துக்கு மூணு ஆகியிருக்குன்னு காட்டுது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, எழுத்து மேல நிழல் விழுது."