உரலில் பறந்த அத்தை

ஒன்பதாவதில் இரண்டு முறை தோற்றவன் எழுத்துப் பக்கம் போகக் கூடாது. போனேன்.

கச்சிராயபாளையத்தில் என் தாய்மாமன் மழலையர் பள்ளி தொடங்கினார். டீச்சர் அவர் மகள் செல்வி. அவளை எனக்குக் கட்டிக்கொடுக்க மாமாவுக்குச் சம்மதம். அத்தைக்கு இல்லை (நான் பெயிண்டர்). கடைசியில் இறங்கி வந்தார்: "ஸ்கூலு செவுத்துல அ, ஆ எழுதி படம் போடட்டும். நாலு பேரு மெச்சினா பாக்கலாம்."

கள்ளக்குறிச்சி பழைய பேப்பர் கடையில் ஒரு ரஷ்ய அரிச்சுவடி கிடைத்தது. ஓர் எழுத்தும் புரியவில்லை (தமிழில் மட்டும் என்ன கிழித்தேன்). ஆனால் படங்கள்! நம் புத்தகத்தில் எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆடு நிற்கும், அவ்வளவுதான். இதில் பக்கத்துக்குப் பக்கம் திருவிழா. வெங்காயம் கவிழ்த்த மாதிரி கோபுரங்கள், குல்லா போட்ட கரடி, நடுவே எங்கேயோ எழுத்து ஒளிந்திருக்கும்.

உ என்றால் உரல். இது எனக்கே தெரியும். நம்மூர் உரல் தேமே என்று கிடக்கும். ரஷ்ய உரலிலோ ஒரு கிழவி உட்கார்ந்து, உலக்கையைத் துடுப்பாகப் போட்டு வானத்தில் பறந்தாள். விடுவேனா? வாசலுக்கு நேர் எதிரே ஆளுயரத்துக்கு ஏற்றினேன்.

முகம்தான் பிடிபடவில்லை. மூன்று நாளாக எதிரே நாற்காலி போட்டு, "மஞ்ச ஜாஸ்தி, பச்ச கம்மி" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அத்தை. நான்காம் நாள் அவர் கேசரி கிளறப் போனார். என் கை, பார்த்துப் பழகிய முகத்தைப் போட்டுவிட்டது. மூக்குத்தி, கன்னத்து மச்சம் உட்பட. சத்தியமாக எனக்கே தெரியாது.

மறுநாள் சேர்க்கை. அத்தை கேசரியோடு வாசலில் நின்றார். முதல் பிள்ளை சுவரைப் பார்த்தது, அத்தையைப் பார்த்தது, அலறியது. மற்றவையெல்லாம் காரணம் கேட்காமலே அலறின.

ஒரு பிள்ளையின் அம்மாவுக்கு வேறு கவலை. "இன்னாக்கா, எடமா இல்ல? உரலு மேல போயி குந்திக்கினு இருக்கீங்க? வூட்டுக்கு ஆவாதே!"

அத்தை திரும்பினார். கரண்டி விழுந்தது.

"இன்னாடா இது?"

"ரஷ்யா, அத்த."

"ரஷ்யாவுல எவடா என் மூக்குத்திய போட்டுக்கினு இருக்கா?"

மாமா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். செல்வி தலையில் கைவைத்தாள். கல்யாணம் போச்சு.

"அழிடா!" என்றார் அத்தை. சுண்ணாம்பு வாளியைத் தூக்கினேன். அப்போது ஒரு பொடிசு மூக்கை உறிஞ்சிக்கொண்டு அத்தையின் புடவையை இழுத்தது.

"ஆயா, எங்க பறந்து போற?"

அத்தை சுவரை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "கோமுகி டேமுக்கு" என்றார்.

"நானும் வரேன்."

"எனக்கும் எடம் உடு ஆயா!"

சுற்றி நின்ற பிள்ளைகளில் ஒன்றுகூட அன்று வீட்டுக்குப் போகச் சம்மதிக்கவில்லை. அத்தை என்னைப் பார்க்காமலே சொன்னார்: "மூக்குத்திய மட்டும் அழி."

கல்யாணமாகி ஐந்து வருடம். எங்கள் மகள் சோறு தின்ன அடம்பிடித்தால் அத்தை பூச்சாண்டியைக் கூப்பிடுவதில்லை.

"சாப்டறியாடி, இல்ல உங்கப்பன உட்டு உன்ன வரையச் சொல்லட்டா?"

தட்டு உடனே காலி.