எடைமேடையின் மடி

அவநம்பிக்கைக்கு என்று ஒரு கோயில் கட்டினால், மூலவராக எங்கள் எடைமேடையைத்தான் உட்கார வைக்க வேண்டும். கருவறை வாசலை மட்டும் இரண்டு ஆள் அகலத்துக்கு விட வேண்டியிருக்கும்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்திருக்கும். மேட்டுப்பாளையத்தில் அதை யாரும் கேட்டதில்லை, எல்லாருக்கும் அவர் எடைமேடைதான். உருளைக்கிழங்கு மண்டிகளுக்குப் போகிற வழியில் லாரிகளை நிறுத்தி எடை போடும் மேடை ஒன்று இருந்தது. தொண்ணூறுகளில் நான் அதற்கு அடுத்த லாரி புக்கிங் ஆபீசில் உட்கார்ந்திருந்தேன். லாரி முதலில் காலியாக வந்து மேடையில் நிற்கும், பிறகு லோடு ஏற்றிக்கொண்டு வந்து நிற்கும். பக்கத்திலிருந்த கண்ணாடி அறைக்குள் சிவப்பு எண்கள் ஓடி ஓடி ஓர் இடத்தில் நிற்கும். அந்த எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுப்பவர் இவர். அறையைக் கட்டிவிட்டு இவரை உள்ளே வைத்தார்களா, இவரை வைத்துவிட்டுச் சுற்றிச் சுவர் எழுப்பினார்களா என்று டிரைவர்களுக்குள் நெடுநாளாக ஒரு வழக்கு நடந்துவந்தது.

எதைக் கேட்டாலும் ஒரே பதில். மழை வருமா? "ஆவறதில்லீங்க." கிழங்கு விலை ஏறுமா? "ஆவறதில்லீங்க." ஒரு நாள் கிரிக்கெட்டில் இந்தியா ஜெயித்துவிட்டது என்று ஓடிப்போய்ச் சொன்னேன். ஒரு நிமிடம் யோசித்தார். "அடுத்த மேச்சுல ஆவறதில்லீங்க."

அந்த உடம்பு ஆசையில் வந்ததல்ல, மரியாதையில் வந்தது. எடை போட்ட டிரைவர் எதிர் பேக்கரியில் ஒரு டீயும் தேங்காய் பன்னும் வாங்கி ஜன்னலுக்குள் நீட்டுவது அங்கே வழக்கம். வேண்டாம் என்றால், "அண்ணனுக்கு நம்ம கை டீ எறங்காதாட்டிருக்குது" என்று டிரைவர் முகம் சுண்டிப்போகும். யார் மனமும் நோகக் கூடாது என்று தின்றே மனிதர் அந்த அளவுக்கு வந்திருந்தார்.

அவருக்கு ஒரே தங்கை, பூங்கொடி. காரமடையில் கட்டிக்கொடுத்திருந்தார். கல்யாணமாகி ரொம்ப வருடம் கழித்து அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஒரு வயதில் குலதெய்வக் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். நானும் போயிருந்தேன். எடைமேடையைத் தரையில் உட்கார வைக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள். உட்கார்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது, மனிதருக்கு மடியே இல்லை. வயிறு முழங்கால் வரைக்கும் வந்து இடம் பிடித்திருந்தது. குழந்தையை வைத்தார்கள். அது வழுக்குப்பாறையில் சறுக்குகிற மாதிரி சறுக்கிப் போய் ஆசாரியின் தாம்பாளத்தில் உட்கார்ந்தது. மறுபடி வைத்தார்கள், மறுபடி தாம்பாளம். குழந்தைக்கு அந்த விளையாட்டு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

ஆசாரி ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "மாமன் மடியக் காட்டுங்க, குத்தறேன். இது மலையல்லங்க?"

கூட்டம் சிரித்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "ஒன்னுவிட்ட மாமன் சின்னச்சாமி இருக்கறானல்ல, அவன் மடியில வெய்ங்கப்பா. நேரமாவுது" என்றார்.

பூங்கொடி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "குத்தினா எங்கண்ணன் மடியிலதானுங்க. இல்லாட்டி எம்புள்ள மூளிக்காதாவே இருந்துட்டுப் போவுது."

எடைமேடை தலையைத் தூக்கவேயில்லை. நாலு பேர் வந்து அவரை எழுப்பினார்கள்.

இரட்டைப்படை வயதில் காது குத்தக் கூடாது. அடுத்தது மூன்றாம் வயதுதான். அப்போதும் ஆகாவிட்டால் சின்னச்சாமிதான் என்று பூங்கொடியின் மாமியார் வீட்டில் முடிவாகச் சொல்லிவிட்டார்கள். அதற்குள் அண்ணனுக்கு ஒரு மடி வேண்டும்.

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சொல்வார்களே, முதலில் கொள்ளில் இறங்கினார். கொள்ளுப் பருப்பு, கொள்ளு ரசம், கொள்ளுத் துவையல். வேலை செய்யும் என்று நானும் நம்பினேன். அவர் மனைவி சரசக்காதான் உண்மையைச் சொன்னார். "கொள்ளுப் பருப்பு ருசியா இருக்குதுன்னு எச்சா ரெண்டு தட்டு சோறு தின்னுபோடறாருங்க தம்பி. கொழுப்பு கரையறதுக்கு முந்தி எங்கூட்டு அரிசி மூட்டை கரைஞ்சுபோயிருமுங்க."

அடுத்து பட்டினி. மூன்றாம் நாள் மேடையில் ஒரு கிழங்கு லோடு நின்றது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், "இத்தனையும் போண்டாவுக்குங்களா?" என்று டிரைவரிடம் கேட்டார். அன்று சாயங்காலம் பேக்கரியில் கண்ணாடிப் பெட்டி காலி.

கடைசியில் சரசக்கா அவரை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு டாக்டரிடம் இழுத்துப்போனார். துணைக்கு நான். டாக்டரின் எடைப் பொறியில் முள் கடைசிக்குப் போய் முட்டிக்கொண்டு நின்றது.

"ஒரு நாள்ல வந்த ஒடம்பில்லீங்க, ஒரு நாள்ல போவாது" என்றார் டாக்டர். "பட்டினி கிட்டினி வேண்டாம். டீயில சக்கரையைப் பாதியாக்குங்க. அது பழகட்டும். அப்புறம் பன்னைக் குறைங்க. அதுவும் பழகட்டும். அப்புறம் கொஞ்சம் நடங்க. எறும்பு ஊரக் கல்லும் தேயுமுங்க."

"கல்லு தேயறதுக்குள்ள எறும்பு செத்துப்போயிருமுங்க" என்றார் எடைமேடை.

"செத்தா அடுத்த எறும்பு வரும். போய்ட்டு வாங்க."

ஆவதில்லை என்று சொல்லிக்கொண்டேதான் ஆரம்பித்தார். பாதிச் சர்க்கரை டீயை முதல் வாரம் மருந்து மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். பன்னை மறுத்தால் மரியாதை கெட்டுவிடும் அல்லவா? ஒரு விள்ளல் கிள்ளிக்கொண்டு, "நீங்க தின்னுங்க, வண்டி ஓட்டறவரு" என்று மிச்சத்தை டிரைவர் கையிலேயே கொடுத்துவிடும் தந்திரத்தைக் கண்டுபிடித்தார். வீட்டில் சரசக்கா சோற்றுக் கரண்டியைப் பரண்மேல் போட்டுவிட்டுச் சின்னதாக ஒன்று வாங்கிவிட்டார். இவர் என்னிடம் வந்து, "காலம் கெட்டுப்போச்சுங்க, கரண்டிகூடச் சிறுத்துப்போச்சு" என்றார்.

நடைதான் பெரிய பாடு. முன்பெல்லாம் நாற்காலியிலிருந்தே கத்துவார், கிளீனர்கள் ஓடி வந்து சீட்டு வாங்கிக்கொள்வார்கள். இப்போது அவரே சீட்டை எடுத்துக்கொண்டு லாரிக்குப் போனார். முதல் லாரியைத் தொட்டுவிட்டு வந்ததற்கே மேல்மூச்சு கீழ்மூச்சு. பிறகு இரண்டாவது லாரி வரை. கிழங்கு சீசன் வந்ததும் வரிசை சாலை வளைவு வரைக்கும் நீண்டது. அவருடைய நடையும் கூடவே நீண்டது.

திங்கட்கிழமை காலை இரண்டு பரீட்சை. முதலில் லாரி நிற்கிற மேடையில் இவர் தனியாக ஏறி நிற்பார், நான் உள்ளேயிருந்து எண்ணைச் சொல்வேன். வாரா வாரம் அதே நூற்று முப்பது. அது லாரிக்குச் செய்த மேடை, பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். நடுவில் கூடுவதும் குறைவதும் அதன் கண்ணுக்குத் தெரியாது. "வேற எடத்துல நின்னு பாருங்ணா" என்று கெஞ்சினேன்.

"ஊருக்கே எடை சொல்றவன் இன்னொருத்தன் தராசுல போய் நிக்கறதுங்களா? ஆர்.எஸ்.புரத்துல நின்னதே கேவலமுங்க."

அடுத்தது மடிப் பரீட்சை. தரையில் சாக்கை விரித்து உட்காருவார். குழந்தை எடைக்கு ஒரு சின்னப் பையில் கிழங்கு கட்டி வைத்திருந்தார் சரசக்கா. அதை மடியில் வைப்போம். பை உருண்டு ஓடும். காரமடைக்குப் போய்க் குழந்தையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வரும்போதெல்லாம் சரசக்கா பையில் இன்னும் கொஞ்சம் கிழங்கு போடுவார்.

"நான் தேயத் தேயப் புள்ள வளருது" என்றார் எடைமேடை, உருண்டு போகிற பையைப் பார்த்தபடி. "எப்பிடீங்க தம்பி மடி வரும்?"

பையை எடுத்து வந்து மறுபடி மடியில் வைத்தேன்.

ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஒரு திங்கட்கிழமை, மறுபடியும் நூற்று முப்பது. மேடையிலிருந்து இறங்கினார். "இது பொய் சொல்லாத மேடைங்க. எத்தனை யாவாரி சண்டைக்கு வந்திருப்பான், இது மாத்திச் சொன்னதில்லை. இனி இதுல ஏற மாட்டேன்" என்றார். கிழங்குப் பையை அவிழ்த்து மண்டிப் பக்கம் கொட்டினார். நேராக எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"சின்னச்சாமியவே உக்கார வெச்சுக்க கண்ணு" என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார். "என்ற மடிக்குக் காத்திருந்தா பாப்பாவுக்குக் கல்யாணமே வந்துரும். அண்ணனால ஆவறதில்லை." அந்தப் பக்கம் பூங்கொடி என்ன சொன்னாளோ, போனை வைத்தவர் பூத்துக்குள்ளேயே சுவரைப் பார்த்து நின்றார். அத்தனை பெரிய முதுகு குலுங்குவதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

ஆறுதலுக்கு என்ன செய்வது? பேக்கரிக்குக் கூட்டிப்போய், முழுச் சர்க்கரை போட்டு ஒரு டீ, ஒரு முழுப் பன் வாங்கிக் கையில் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தவர் முகத்தைச் சுளித்தார்.

"என்னுங்க இது, பாயசமாட்ட இருக்குது? மனுசன் குடிப்பானுங்களா?"

மறுநாளும் சீட்டை எடுத்துக்கொண்டு லாரி வரிசையில் நடந்துகொண்டிருந்தார். கேட்டால், "உக்காந்தா காலு மருத்துப்போவுதுங்க, வேறொண்ணுமில்லை" என்றார். நம்பிக்கையை விட்டுவிட்டார், பழக்கத்தை விட மறந்துவிட்டார். அந்த மறதி அப்படியே மாதக்கணக்கில் போயிற்று.

குழந்தைக்கு மூன்று வயதானது. அதே கோயில், அதே ஆசாரி. சின்னச்சாமி பட்டு வேட்டியில் மடியை நீவி நீவிச் சரிசெய்தபடி தயாராக நின்றான். பூங்கொடி அவனைத் தாண்டி நேராக அண்ணனிடம் வந்தாள்.

"உக்காருண்ணா."

"ஆவறதில்லை கண்ணு. ஊருக்கு முன்னால மறுபடியும் வேண்டாம்."

"உழுந்தா உழுவட்டும். உக்காரு."

ஒரு கையைத் தரையில் ஊன்றி உட்கார்ந்தார். நாலு பேரை யாரும் கூப்பிடவில்லை என்பதை அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை. குழந்தையை வைத்தார்கள். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, அது சறுக்குவதற்காகக் காத்திருந்தார். ஆசாரிகூடத் தாம்பாளத்தைத் தள்ளி வைத்துக்கொண்டார். குழந்தை மாமன் சட்டைப் பித்தானைத் திருகியபடி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தது. இரண்டு காதும் குத்தி முடிந்தபோது அதிகமாக அழுதது குழந்தை அல்ல.

அன்றைக்கு லாரி வரத்து இல்லை. திரும்பி வந்த வேன் எங்களை எடைமேடை வாசலில் இறக்கிவிட்டது. பூங்கொடியும் கூட வந்திருந்தாள். குழந்தை மாமன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. "இன்னைக்காச்சும் ஏறிப் பாருங்க மாமா" என்று சரசக்கா நச்சரித்தார். வேண்டா வெறுப்பாக ஏறி நின்றார். நான் உள்ளே போய்ப் பார்த்தேன். சிவப்பு எண்கள் ஓடி நின்றன.

"எவ்வளவுங்க?"

"நூத்தி முப்பதுங்ணா."

தலையை ஆட்டினார். அவருக்கு அது புதிய செய்தி இல்லை. "நாந்தான் சொன்னனல்லங்க. ஆவறதில்லீங்க."

"அட மனுசா" என்றார் சரசக்கா. "லோடோட நிக்கறீங்க. பாப்பாவ எறக்கிப்போட்டுக் காலி எடையப் பாருங்க."

எடைமேடை தோளைப் பார்த்தார். சந்தனம் வைத்த சின்னக் காதைப் பார்த்தார்.

"தூங்குதுங்க" என்றார். "எதுக்கு எறக்கிக்கிட்டு."

அவருடைய காலி எடை என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த மேடையில் எத்தனையோ லோடுகள் ஏறி இறங்கிப் பார்த்திருக்கிறேன். இறக்க மனசு வராமல் ஒருவர் நின்றது அன்று மட்டும்தான்.