சந்தைக்குப் போன பட்டாளம்

1938-ஆம் வருஷம் நவம்பர் 6-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. காலையில் எழுந்ததும் வழக்கம்போல மழை அளவைப் பார்த்து எழுதினேன். மிளகு மூட்டைகளில் ஈரம் தட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். பிறகு முகச் சவரம் செய்துகொண்டேன். குளித்துவிட்டு வந்து இன்னொரு முறை செய்துகொண்டேன். (பெண் வீட்டார் வருவதாக இருந்தது.)

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. கொல்லிமலையில் ஒரு வெள்ளைக்காரருடைய தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. சேந்தமங்கலத்துப் பெண் ஒன்றை முள்ளுக்குறிச்சியிலிருந்த என் அண்ணன் பேசி வைத்திருந்தார். ஜாதகம் பொருந்திவிட்டது. பெண்ணின் தாய்மாமன் கந்தப்பன் மட்டும் பிடிகொடுக்கவில்லை. "பொண்ணு குடியிருக்கப் போற ஊட்டைக் கண்ணால பாக்காம நான் கை நனைக்க மாட்டேன்" என்று சொல்லியிருந்தார். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் சாப்பிட்டுவிட்டால் சம்மதம். மனசில்லாவிட்டால் தண்ணீரோடு எழுந்து போய்விடுவார்கள்.

கந்தப்பன் மாமாவும் பெண்ணின் தகப்பனார் சின்னசாமி மாமாவும் மலையேறி வந்து சேர்ந்தார்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். சமையல்காரன் பொன்னன் கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தான். வாசனை வாசல் வரை வந்தது.

"பாத்தாச்சுங்க தம்பி. ஊருக்குப் போயிக் கலந்துக்கிட்டுச் சொல்றோமுங்க" என்றார் கந்தப்பன் மாமா. (இதற்கு 'வேண்டாம்' என்று பொருள் என்பது எனக்கே தெரியும்.)

அவர்கள் செருப்பை மாட்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சற்று நேரத்தில் ஓடையில் தண்ணீர் வந்து, இறங்கும் பாதை அடைபட்டது. போகவும் முடியாது, சாப்பிடவும் மாட்டார்கள். ஆளுக்கு இரண்டு மலைவாழைப்பழத்தை உரித்துத் தின்றுவிட்டு, பழம் கணக்கில் சேராது என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

"சோறு ஆறுதுங்க சாமி" என்று பொன்னன் மூன்று முறை வந்து சொன்னான்.

இவர்களை எப்படியாவது மகிழ்விக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அங்கேதான் வினை.

எங்கள் துரையிடம் ஈயச் சிப்பாய் பொம்மைகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. சிவப்புச் சட்டைப் பட்டாளம் ஒன்று, நீலச் சட்டைப் பட்டாளம் ஒன்று. மேஜைமேல் புத்தகங்களை அடுக்கிப் பச்சைத் துணி போர்த்தினால் மலை. நீல நூலைப் போட்டால் ஆறு. காலாள் ஒரு சாண் நகரலாம், குதிரை இரண்டு சாண். யார் சுட்டது பட்டது என்பதைப் பகடை சொல்லும். மழைக்காலத்தில் ஆட ஆளில்லாமல் துரை எனக்குக் கற்றுக்கொடுத்தார். அவர் விடுப்பில் சீமைக்குப் போனபோது பெட்டியை என் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தார்.

பெரியவர்கள் இருவருக்கும் சிவப்புப் பட்டாளம், எனக்கு நீலம் என்று பிரித்தேன். பிறகு விதிகளைச் சொல்லத் தொடங்கினேன். ஒன்றையும் விடவில்லை. பீரங்கி சேற்றில் இறங்கினால் என்ன, குதிரை ஆற்றில் எந்த இடத்தில் நிற்கலாம், கொடி பிடித்தவன் விழுந்தால் கொடியை யார் எடுப்பது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். சின்னசாமி மாமா இரண்டு முறை கொட்டாவி விட்டார்.

கந்தப்பன் மாமா ஒரு குதிரைக்காரனைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க தம்பி, அத்தனையும் நீங்க சொல்லி முடிக்கற வரைக்கும் எதிராளி அடிக்காம நின்னுக்கிட்டு இருப்பானுங்களா?"

நான் அதை அறியாமை என்று எடுத்துக்கொண்டு, புன்னகையோடு விதிகளைத் தொடர்ந்தேன்.

ஒருவழியாக ஆட்டம் ஆரம்பித்தது. கற்றுக்கொள்ள வந்தவர்களிடம் என் சாமர்த்தியத்தைக் காட்ட ஆசை. முதல் பகடையிலேயே பீரங்கியால் அடித்தேன். "மாமா, உங்க ஆளுக ஆறு பேரு செத்துப் போயிட்டாங்க!" என்று உற்சாகமாகக் கூவி, ஆறு பேரையும் மேஜை ஓரத்தில் வரிசையாகப் படுக்க வைத்தேன்.



"நல்ல காரியம் பேச வந்த எடத்துல என்ன வார்த்தை அது?" என்றார் சின்னசாமி மாமா.

நான் சமாளித்தேன். "இல்லீங்க மாமா, இது சும்மா வெளையாட்டுக்குச் சாகறதுங்க. இன்னும் நெறைய பேரு சாவாங்க, பாருங்க."

"தலையைத் தெக்கே வெச்சுப் படுக்கப் போட்டிருக்கறாரு" என்று மெதுவாகச் சுட்டிக்காட்டினார் கந்தப்பன் மாமா. பார்த்தேன். ஆறு தலையும் நேர் தெற்கே இருந்தன. பிணத்தைக் கிடத்துவதுபோலவே முறை தவறாமல் கிடத்தியிருந்தேன்.

சின்னசாமி மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். மழையானாலும் ஓடையானாலும் இறங்கியே தீருவது என்று செருப்பைத் தேடினார். என் கல்யாணம் வாசற்படி தாண்டிக்கொண்டிருந்தது.

"உக்காருங்க மச்சான்" என்றார் கந்தப்பன் மாமா. கையிலிருந்த குதிரைக்காரனை அவர் இன்னும் கீழே வைக்கவில்லை. "ஆருக்கும் ஒண்ணும் ஆகலை. ஆறு பேரும் சந்தைக்குப் போயிருக்கறாங்க." ஆறு பேரையும் எடுத்து மேஜைக்குக் கீழே, கிழக்கே பார்த்து நிற்க வைத்தார். சின்னசாமி மாமா முகம் தெளிந்து உட்கார்ந்தார்.

ஆட்டம் நடந்தது. என் வெற்றிக்கு இன்னும் ஒரு சாண்தான் பாக்கி. அப்போது கந்தப்பன் மாமா குனிந்து, ஆறு பேரையும் எடுத்து என் படைக்குப் பின்னால் நிறுத்தினார்.

"மாமா, அவிய திரும்பி வரக்கூடாதுங்க! விதி!"

"பொழுது சாயுதுங்களே. சந்தைக்குப் போனவன் ஊடு திரும்போணுமல்ல?"

"திரும்ப மாட்டாங்க மாமா."

"சந்தைக்குப் போனவன் திரும்பி வரலீன்னா அதுக்குப் பேரு என்னங்க தம்பி?" என்று கேட்டார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

"அப்படீன்னா என்ற ஆளுகளும் வருவாங்க" என்றேன் ரோஷத்தோடு.

"வரட்டும். ஆனா நாங்க உப்பு வாங்கத்தானுங்க போனோம். நீங்க மெளகு விக்கப் போயிருக்கறீங்க. வித்து முடிஞ்சாத்தானே வரோணும்?"

"மெளகுக்கு இப்ப வெலை வேற இல்லை" என்று சின்னசாமி மாமாவும் சேர்ந்துகொண்டார்.

விளக்கேற்றும் நேரத்தில் என் படையில் கொடிக்காரன் ஒருவன்தான் மிச்சம். மற்றவர்கள் எல்லாரும் மிளகு விற்றுக்கொண்டிருந்தார்கள். மாமன்மார் மறுபடியும் பழம் தின்றுவிட்டுப் படுத்தார்கள்.

அதன் பிறகு எத்தனையோ பேருக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். முதலில் ஒரு பொம்மையைக் கையில் கொடுத்துவிட்டு நான் பேசாமல் இருந்துவிடுவேன். அபத்தமான கேள்வி எப்போது வருகிறதோ, அப்போது புதியவர் ஆடத் தொடங்கிவிட்டார் என்று தெரிந்துகொள்வேன். முதல் ஆட்டத்தில் ஜெயிப்பதில்லை. (ஜெயித்தாலும் உரக்கச் சொல்வதில்லை.)

எங்கள் வீட்டில் எந்த விளையாட்டிலும் யாரும் சாவதில்லை, சந்தைக்குத்தான் போவார்கள். குழந்தைகள் என் எதிரில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். பல வருஷம் கழித்துக் கந்தப்பன் மாமா காலமான தந்தி வந்தது. என் மனைவியிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அடுப்படி வாசலில் நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "மாமன் சந்தைக்குப் போயிட்டாங்களா?" என்று அவளே கேட்டாள். தலையசைத்தேன்.

ஆட்டம் ஆடிய மறுநாள், அந்தத் திங்கட்கிழமை காலையில் மழை விட்டிருந்தது. ஓடை வடிந்து பாதை திறந்துவிட்டதாகப் பொன்னன் வந்து சொன்னான். அவர்கள் கிளம்பலாம். கந்தப்பன் மாமாவோ மேஜை முன்னால் உட்கார்ந்து, சிவப்புச் சட்டைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார்.

"பொன்னா, நேத்து வெச்ச கோழிக்கொழம்பு கெடக்குதா? சூடு பண்ணு" என்றார். "வெறும் வயித்துல சண்டை போட முடியாது."

நான் வாழையிலை அறுக்கத் தோட்டத்துக்கு ஓடினேன்.