பால்மா வாங்கச் சுபநேரம்

கல்வலகம பிரதேசத்தில் பால்மாவுக்கு எவ்விதத் தட்டுப்பாடும் இல்லை, ஆகவே பொதுமக்கள் வீணாகப் பதற்றமடைய வேண்டாம் என்று எங்கள் பிரதேச செயலகம் ஒரு திங்கட்கிழமை காலை அறிவித்தது. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று தெருத்தெருவாகப் போய் இதைச் சொன்னது. நாட்டில் டொலர் இல்லை, பெட்ரோல் இல்லை, மின்சாரமும் பாதி நாள் இல்லை. இருந்தாலும் பால்மாவைப் பற்றி அதுவரை யாரும் கவலைப்பட்டிருக்கவில்லை. ஆட்டோ மூன்றாவது தெருவைத் தாண்டுவதற்குள் கூட்டுறவுக் கடை வாசலில் எண்பது பேர் நின்றார்கள்.

அந்தக் கடையில் இருபத்திரண்டு வருஷமாகச் சாமான் நிறுத்துக் கொடுப்பவன் நான். ஊரில் ஒரே தமிழன், ஒரே சேல்ஸ்மன். எல்லாருக்கும் சிவா அண்ணன்.

முதலில் வந்தவர் சந்திரலதா டீச்சர். பென்ஷன்காரர், தனியாள்.

"சிவா, பால்மா எட்டுப் பக்கட் எடு."

"டீச்சர், பால் குடிச்சா வயிறு ஊதுதுன்னு போன மாசம் சொன்னீங்களே?"

"குடிக்கிறதுக்கு யாரு கேட்டா? வீட்டுல இருக்கணும். ஊருல எல்லாரும் வச்சிருக்கப்போ நான் மட்டும் வெறுங்கையோட நிக்கவா?"

மத்தியானத்துக்குள் பால்மா அடுக்கிய ராக்கை துடைத்தாற்போல் ஆகிவிட்டது. ஒன்பது பக்கட்டை ஊழியர் நலன் கருதி நான் முன்னமே வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். எனக்கும் என் மனைவிக்கும் வெறும் தேநீர்தான் பிடிக்கும். நலன் என்றால் நலன்தான்.

கடைசியாக வந்தவள் நில்மினி. அவள் புருஷன் ஆட்டோக்காரன், பெட்ரோல் வரிசையில் மூன்று நாளாகக் கிடந்தான். அவள் இடுப்பில் பதினான்கு மாதக் குழந்தை தினுகி. பெரிய காய்ச்சல் வந்து எழும்பிய பிள்ளை. சோற்றை வாயில் வைத்தால் துப்பிவிடும், பால் மட்டும்தான் இறங்கும். கிளினிக் அட்டையை விரித்துக் காட்டினாள். எடைக் கோடு பச்சையிலிருந்து மஞ்சளுக்கு இறங்கி, சிவப்புக்குள் ஒரு காலை வைத்திருந்தது.

"கிளினிக் மிஸ்ஸி ஏசிட்டாங்க அண்ணே. ரெண்டு வேளையும் பால் குடுக்காட்டி ஆஸ்பத்திரியிலதான் போடணுமாம். ஒரே ஒரு பக்கட் இருந்தாப் போதும்."

"வியாழக்கிழமை லொறி வருது தங்கச்சி. முதல் ஆளா உனக்குத்தான்" என்றேன். வீட்டுக் கட்டிலுக்கடியில் இருந்த ஒன்பது பக்கட்டும் என் நினைவுக்கு வந்தன. வந்தபடியே போயும்விட்டன.

திங்கட்கிழமை நடந்த தள்ளுமுள்ளில் கடைக் கண்ணாடி ஒன்று உடைந்தது. அதை ஆராயச் செயலாளர் ஏக்கநாயக்க ஐயா, எங்கள் ஊர்ப் பேச்சில் மாத்தயா, மறுநாளே உயர்மட்டக் கூட்டம் கூட்டினார். விற்பனைத் தரப்பின் சார்பில் என்னையும் கூப்பிட்டு, கதவோரம் நிற்க வைத்தார்கள்.

"நம்ம சனத்துக்கு ஒழுங்கு தெரியாதுன்னு யாரு சொன்னது?" என்று மேசையைத் தட்டினார் மாத்தயா. "சித்திரைப் புத்தாண்டுக்கு நாடு முழுக்க ஒரே நிமிஷத்துல அடுப்பு மூட்டுது. ஒரே நிமிஷத்துல பால் பொங்குது. எங்கேயாவது தள்ளுமுள்ளு வந்திருக்கா? அடிதடி உண்டா? ஏன்? சுபநேரம்! சட்டத்துக்கு அடங்காத ஆள்கூட சுபநேரத்துக்கு அடங்குவான். ஆகவே பால்மா வாங்கவும் சுபநேரம் குறிச்சிடுவோம்."

கைதட்டல் அடங்கியதும் நான் மெல்லக் கேட்டேன். "மாத்தயா, அடுப்பு வீட்டுக்கு வீடு இருக்கு. கடை ஒண்ணுதானே இருக்கு?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது நடைமுறைப் பிரச்சினை. நாங்க இங்க பேசிட்டிருக்கிறது கொள்கை."

செயலகத்தின் ஆஸ்தான சோதிடர் சோமதிலக்க பஞ்சாங்கத்தைப் புரட்டினார். வியாழன் காலை பத்து நாற்பத்திரண்டுக்கு, இளம்பச்சை உடை உடுத்து, வடக்கு நோக்கி நின்று பால்மா வாங்குவது குடிமக்களுக்கும் அரசுக்கும் சகல சௌபாக்கியங்களையும் தரும் என்று சுற்றறிக்கை வந்தது. அதற்கு முன்னால் ஒரு பக்கட் விற்றாலும் சேல்ஸ்மன் மேல் ஒழுக்காற்று நடவடிக்கை. இது கடைசி வரி, தடித்த எழுத்தில்.

வியாழன் காலை ஆறு மணிக்கே நில்மினி கடை வாசலில் நின்றாள். பச்சைச் சேலைகூட யாரிடமோ இரவல் வாங்கிக் கட்டியிருந்தாள். லொறி ஏழரைக்கு வந்து இருநூற்று நாற்பது பக்கட்டை இறக்கிவிட்டுப் போனது. ஊர் இன்னும் வரவில்லை. சுபநேரம் இருக்கும்போது யார் ஏழரைக்கு வருவார்கள்?

"அண்ணே, யாருமே இல்ல. ஒண்ணு குடுங்க, நான் போயிடுறேன். ராத்திரி பூரா புள்ள அழுதுட்டே இருந்திச்சு."

"நேரம் ஆகட்டும் தங்கச்சி. என் வேலை போயிடும்."

"யாருக்கண்ணே தெரியப்போவுது?"

"மூணே மணித்தியாலம்தானே? முதல் ஆளு நீதான்."

இருநூற்று நாற்பது பக்கட் என் முதுகுக்குப் பின்னால், அழுகிற பிள்ளை என் கண்ணுக்கு முன்னால். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதை இப்போது எழுதும்போது என் கன்னத்தில் நானே ஒன்று போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை.

பத்து நாற்பதுக்கு ஊர் மொத்தமும் இளம்பச்சையில் வந்து இறங்கியது. எங்கள் கடை கிழக்குப் பார்த்தது. உள்ளே வருகிறவன் மேற்கே பார்க்க வேண்டும், சுற்றறிக்கையோ வடக்கே பார்க்கச் சொல்கிறது. ஆகவே எல்லாரும் பக்கவாட்டில் திரும்பி நின்றார்கள். அப்படி நின்றால் நான் இடது பக்கம் இருக்கிறேன். சுப காரியத்தில் இடது கை நீட்டலாமா? வலது கையை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுவந்து, முகத்தை மட்டும் வடக்கே வைத்துக்கொண்டு முன்னூறு பேர் பால்மாவுக்குத் துழாவினார்கள். அந்த முழங்கை வரிசையில் குழந்தையோடு நின்ற ஒருத்தி எங்கே நிலைப்பாள்? முதல் ஆளாக நின்ற நில்மினியைக் கூட்டம் மூன்றாம் நிமிஷத்தில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டது. ஐந்தாம் நிமிஷத்தில் கடை காலி.

அன்று பின்னேரம் அவள் வீடுவீடாக ஏறி இறங்கினாள். சந்திரலதா டீச்சர் வாசலில் நானும் இருந்தேன், சீனிக் கணக்கு பேச.

"டீச்சர், உங்ககிட்ட பன்னிரண்டு பக்கட் இருக்காமே. ஒண்ணு விலைக்குத் தாங்க."

"ஐயோ மகளே, தராமலா? ஆனா இது சுபநேரத்துல வாங்கினது. பிரிக்கவும் சுபநேரம் வரணும்னு ரெண்டாவது சுற்றறிக்கை வந்திருக்கே, பாக்கலையா? புத்தாண்டுக்குப் பால் பொங்க வைக்கிற நேரத்துலதான் பிரிக்கணும். இன்னும் மூணு வாரம் இருக்கு."

"நீங்க பிரிக்க வேணாம். அப்படியே தாங்க, நான் பிரிச்சுக்கிறேன்."

"வாங்கின சுபத்தைக் கையவிட்டுக் குடுத்தா வருஷம் பூரா என் வீட்டுல பஞ்சம் வரும். படிச்சவ நான், எனக்குத் தெரியாதா? நீ புள்ளைக்குச் சோத்துக் கஞ்சி குடு."

நில்மினி என் பக்கம் திரும்பினாள். நான் சீனியைப் பற்றிப் பேசினேன்.

இருபது வீடு ஏறினாள். இருபது வீட்டிலும் மனசு இருந்தது, பால்மா இருந்தது, நேரம் மட்டும் வரவில்லை. தினுகிக்குக் கஞ்சித் தண்ணீரில் சீனி கரைத்துக் கொடுத்தாள். எடைக் கோடு சிவப்புக்குள் இரண்டாவது காலையும் வைத்தது.

அடுத்த வாரம் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. பதுக்கல் நடக்கிறதாமே, விசாரித்து அறிக்கை அனுப்பு என்று. செயலகத்து ஆட்கள் வீடுவீடாகப் போய் எண்ணினார்கள். எல்லா வீட்டிலும் பால்மா. எண்ணப் போனவர்கள் வீட்டிலும் பால்மா. அதை அறிக்கையில் எழுதினால் யார் தலை உருளும் என்று யோசித்த ஏக்கநாயக்க மாத்தயா, அறிக்கையை வேறு பக்கத்திலிருந்து தொடங்கினார். பிரதேசத்தில் ஒரு பக்கட்கூடப் பதுக்காத குடும்பம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. நெருக்கடி காலத்தின் முன்மாதிரிக் குடும்பமாக அது கௌரவிக்கப்படும்.

செவ்வாய்க்கிழமை, விளையாட்டு மைதானத்தில் மேடை. சுபநேரம் பிற்பகல் இரண்டு பத்து. மேடையில் அதிகாரிகளுக்குப் பால் தேநீர், பக்கத்தில் சுடுதண்ணீர்ப் போத்தல், கண்ணாடிக் கோப்பைகள். நடுவில் தினுகியோடு நில்மினி. கீழே ஊர் முழுக்க.

"இந்தத் தாயைப் பாருங்க!" என்றார் மாத்தயா. "நாடு தத்தளிக்கிறப்போ இந்தம்மா வீட்டுல ஒரு கரண்டி பால்மா கிடையாது! இதுதான் தேசபக்தி. இதுதான் தன்னடக்கம். நாம எல்லாரும் இவங்களைப் பாத்துக் கத்துக்கணும்!"

நாங்கள் கைதட்டினோம். நான் கொஞ்சம் பலமாகவே தட்டினேன். பேச்சு ஐம்பது நிமிஷம் போனது. தினுகி அழக்கூடத் தெம்பில்லாமல் அம்மா தோளில் துவண்டு கிடந்தது.

பிறகு சான்றிதழ். வெறும் காகிதம் படத்தில் எடுபடாது என்று புகைப்படக்காரர் சொன்னதால், செயலகத்து அலுமாரியிலிருந்து ஒரு பால்மா பக்கட் கொண்டுவந்து நில்மினி கையில் கொடுத்தார்கள். படம் எடுத்தாயிற்று. எழுதுவினைஞர் கையை நீட்டினார்.

"தங்கச்சி, அதைத் தாங்க. படத்துக்கு மட்டுந்தான். அரச சொத்து."

நில்மினி அவரைப் பார்த்தாள், மாத்தயாவைப் பார்த்தாள், கீழே எங்களைப் பார்த்தாள். பக்கட்டின் மூலையைப் பல்லால் கடித்துக் கிழித்தாள்.

அவள் மாத்தயாவின் கோப்பையிலிருந்த தேநீரை மேடைக்கு வெளியே ஊற்றினாள். சுடுதண்ணீரைக் கொட்டி, மாவைக் கையாலேயே அள்ளிப் போட்டு, சான்றிதழைச் சுருட்டிக் கலக்கினாள். ஊதி ஆற்றிக் குழந்தைக்குப் புகட்டினாள்.

"இவ்வளவு பேரு ஊருல இருக்கீங்க" என்றாள்.

ஓடிப்போய் என் ஒன்பது பக்கட்டையும் கொண்டுவந்து அவள் காலடியில் கொட்ட வேண்டும் என்று சத்தியமாக நினைத்தேன். எழும்பியும் விட்டேன். அப்போதுதான் சோதிடர் சோமதிலக்க கைக்கடிகாரத்தைப் பார்த்து அலறினார்.

"மணி மூணு ஆறு! ராகு காலம்! ராகு காலத்துல, பொது மேடையில, அரசாங்கப் பால்மாவைப் பிரிச்சிட்டா! இந்தப் பிரதேசத்துக்கே இனி பால்மா வராது!"

யார் முதலில் ஓடினார் என்று தெரியாது. டீச்சர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். மாத்தயா மேடையின் பின்பக்கமாகக் குதித்தார். மைதானமே கூட்டுறவுக் கடைக்குப் பாய்ந்தது. வெறும் மைதானத்தில் தாயும் பிள்ளையும் மட்டும் இருந்தார்கள். நான் ஒரு தடவை திரும்பிப் பார்த்தபோது, இன்னும் வேண்டும் என்று தினுகி கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

கடை பூட்டியிருந்தது. உள்ளே ஒரு பக்கட்கூட இல்லை என்பது எனக்குத் தெரியும், சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. வரிசையில் ஏழாவது ஆளாக நின்றேன். எட்டாவதாக வந்த மாத்தயா, முன்னால் விடச் சொல்லி என் முதுகைத் தள்ளினார். நான் விடவில்லை.