படங்கு கட்டாத டாக்டர்

தன் முகத்தை எட்டடி உயரத்தில் பார்க்கும் வாய்ப்பு பத்தொன்பது வயதில் யாருக்கும் கிடைக்கக் கூடாது. அரசியல்வாதிகளுக்கு அது பழகிப்போயிருக்கும். எனக்குப் பழகவில்லை. வாயைப் பிளந்துகொண்டு அதன் கீழேயே நின்றேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில், வட்டவளைக்கு மேலே இருக்கிறது. உயர்தரப் பரீட்சை முடிவு வந்து, உயிரியல் பிரிவில் எனக்கு நல்ல பெறுபேறு என்று தெரிந்த அதே வாரம், கோயில் கமிட்டியும் இளைஞர் மன்றமும் சேர்ந்து ஹட்டனுக்குப் போய் ஒரு பேனர் அடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். (இரண்டும் சண்டையில்லாமல் சேர்ந்து செய்த ஒரே காரியம் இதுதான்.) கோயில் மேட்டில் இரண்டு சவுக்கு மரங்களுக்கு நடுவே கட்டினார்கள். 'எங்கள் தோட்டத்தின் முதலாவது வைத்திய கலாநிதிக்கு வாழ்த்துகள்!'

முகம் என் அடையாள அட்டைப் படத்திலிருந்து எடுத்தது. கழுத்துக்குக் கீழே எல்லாம் யாரோ ஒரு வெள்ளைக்கார டாக்டருடையது. வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப், கட்டியிருந்த இரண்டு கைகளும் பால் போல வெளுப்பு. அதன் மேல் தேயிலைத் தூள் நிறத்தில் என் முகம். யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. எனக்கும்தான். டாக்டரானால் கை வெளுத்துவிடும் என்றே நினைத்திருப்பேன் போல.

இத்தனைக்கும் நான் இன்னும் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கவே இல்லை.

மறுநாளே வைத்தியம் தொடங்கிவிட்டது. எங்கள் லயத்து (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) வாசலில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது ஒருவர் வந்து நாக்கை நீட்டுவார். என்னை ஏறிட்டும் பார்க்காத கண்டாக்கையா (மலையில் வேலை வாங்கும் உத்தியோகத்தர், எங்களுக்கெல்லாம் சிம்ம சொப்பனம்) பைக்கை நிறுத்திவிட்டு, காற்சட்டையைச் சுருட்டி, முழங்காலைக் காட்டினார். நான் தாவரவியலில்தான் கெட்டிக்காரன். ஆனாலும் முழங்காலை அமுக்கிப் பார்த்து, "தண்ணி நிறைய குடிங்கய்யா" என்றேன். அவர் பயபக்தியோடு தலையாட்டினார்.

விண்ணப்பம் எப்படியென்றால், படிக்க விரும்பும் துறைகளை முதல் தெரிவு, இரண்டாம் தெரிவு என்று வரிசையாகக் கொடுக்க வேண்டும். பிறகு மாவட்ட வெட்டுப்புள்ளி வரும். முதல் தெரிவுக்கு நம் புள்ளி போதாவிட்டால் அடுத்தது, அதுவும் இல்லாவிட்டால் அதற்கு அடுத்தது. மூளை உள்ளவர்கள் மருத்துவத்துக்குக் கீழே நாலைந்து துறைகளைப் போட்டு வைப்பார்கள்.

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இன்டர்நெட் உள்ள ஒரு கொமியூனிகேஷன் கடையில் உட்கார்ந்து விண்ணப்பித்தேன். பக்கத்துக் கதிரையில் என்னோடு படித்த சுகந்தி. அவள் பாட்டுக்குத் துறைகளைப் போட்டுக்கொண்டே போனாள். எனக்குச் சிரிப்பாக இருந்தது.

"ரவி, நீயும் கீழ விவசாயம், உயிரியல் விஞ்ஞானம் ரெண்டையும் போட்டு வை. ஒன்ட புள்ளி விளிம்புலதான் இருக்கு" என்றாள்.

"போட்டா அதையே குடுத்துருவாங்க."

"மேல உள்ளது கிடைக்காட்டித்தானே கீழ உள்ளது வரும்?"

"நமக்கே நம்பிக்கை இல்லன்னு அவங்க நினைச்சிர மாட்டாங்களா?"

(அந்த 'அவங்க' கொழும்பில் உள்ள ஒரு கம்ப்யூட்டர். அது என்னைப் பற்றி என்ன நினைக்கும் என்று உண்மையாகவே கவலைப்பட்டேன்.)

சந்தேகமாக இருந்ததால் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். அம்மா மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். "பேனர்ல இல்லாதத எதுக்குடா எழுதணும்?" என்றார். அத்தோடு முடிந்தது. நாட்டில் மருத்துவ பீடம் உள்ள ஊரையெல்லாம் எழுதினேன். வடக்கு, தெற்கு, கிழக்கு, கடலோரம், மலையோரம் எதையும் விடவில்லை. ஊரைப் பார்த்தால் எவ்வளவு பரந்த மனது என்று தோன்றும். துறை மட்டும் ஒன்றே ஒன்று.

மாதங்கள் போயின. வட்டவளை மழையில் பேனர் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்தது. சாயம் போகவில்லை. ஹட்டன் கடைக்காரர் நல்ல சாமானைத்தான் போட்டிருந்தார்.

வெட்டுப்புள்ளி வந்த அன்று சுகந்திதான் போனில் சொன்னாள். மருத்துவம் எனக்கு நாலாவது தசமத்தில் தவறிப்போயிருந்தது. அவளுக்கு விவசாயம் கிடைத்திருந்தது. அவளை விட எனக்குப் புள்ளி அதிகம். எழுதியிருந்தால் அவளுக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டிருப்பார்கள். எழுதாததால் எனக்கு எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை. ஒரு தோட்டமே நம்பிய ஆள், இனி பரீட்சையை முதலிலிருந்து எழுத வேண்டும்.

அப்போது என் மூளைக்கு எட்டியது ஒன்றுதான். யாரும் கேட்பதற்கு முன்னால் பேனரைக் கழற்றிவிட வேண்டும்.

பகலில் எல்லோரும் வேலையில் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டு, தேயிலைச் செடி வெட்ட வீட்டில் வைத்திருந்த கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு சவுக்கு மரத்தில் ஏறினேன். அன்றைக்குக் கோயில் மேட்டுக்குக் கீழேதான் கொழுந்து பறிக்கிறார்கள் என்பது என் கணக்கில் வரவில்லை. முதல் கயிற்றை அறுத்தேன். கத்தி கீழே விழுந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு காற்று வந்து மற்றக் கயிறுகளையும் அறுத்தது. பேனர் கப்பல் பாய் போல உப்பியது. விட்டிருக்கலாம். விட்டால் என் முகம் ரயில் பாதை வரை பறக்குமே என்று இறுக்கிப் பிடித்தேன். அது என்னை மரத்திலிருந்து பிடுங்கி, சுருட்டி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே போட்டது.

"ஐயோ, யாராச்சும் டாக்டரக் கூட்டியாங்க!" என்று ஒரு குரல்.

"விழுந்ததே டாக்டர்தான் டீ!" என்று இன்னொரு குரல்.

பேனரை விலக்கிப் பார்த்தால், தலையில் கூடை மாட்டிய பெண்கள் சுற்றி நிற்கிறார்கள். முன்னால் அம்மா.

"கிடைக்கலம்மா" என்றேன்.

"வேற எதாச்சும்?"

"வேற எதுவும் எழுதலயேம்மா."

அம்மா கூடையை இறக்கி வைத்தார். "நான்தானே எழுத வேணாம்னேன்" என்றார். யாராவது ஒருத்தி சிரித்துவிட மாட்டாளா, திட்டிவிட மாட்டாளா என்றிருந்தது.

அப்போது பக்கத்து லயத்துப் பாக்கியம் அத்தை குனிந்து, பேனரின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"நல்ல தடிப்பாத்தான் அடிச்சிருக்கானுங்க. படங்குக்கு ஆகும்."

படங்கு என்பது தேயிலைச் செடியின் ஈரம் படாமல் பெண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் தடித்த விரிப்பு. காலையில் எவ்வளவு வெயில் அடித்தாலும் அதைக் கட்டாமல் அவர்கள் மலைக்குப் போகவே மாட்டார்கள். இதைப் பிறந்ததிலிருந்து தினமும் பார்த்து வளர்ந்தவன் நான்.

கவ்வாத்துக் கத்தி கைமாறியது. இந்தப் பக்கம் எனக்கு, அந்தப் பக்கம் ஒனக்கு என்று பேனரைத் துண்டு போட்டார்கள். "வேலை நேரத்துல என்ன கூட்டம்?" என்று கத்திக்கொண்டே வந்த கண்டாக்கையா, விஷயம் தெரிந்ததும் என்னைப் பார்த்தார், தன் முழங்காலைப் பார்த்தார். பிறகு, "பைக் சீட்டுக்கு ஒரு துண்டு வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். பனி விலகியது. எதிர் மலையில் நான் இருந்தேன்! பாக்கியம் அத்தையின் இடுப்பில் ஸ்டெதஸ்கோப். அவருக்கு மேல் நிரையில் 'வாழ்த்துகள்'. அந்தப் பக்கம் 'முதலாவது'. இரண்டு வெள்ளைக்காரக் கைகள் தனியாகப் பச்சைக்குள் நகர்ந்து போயின. சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. என்னைத் தலைக்கு மேல் தூக்கி வைத்தவர்கள், நான் விழுந்த பிறகும் தூக்கி எறியாமல், இடுப்பில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருந்தார்கள். அதற்குப் பிறகு பெரிய பெரிய கட்டடங்கள், மண்டபங்கள் எல்லாம் பார்த்துவிட்டேன். அந்த மலையைப் போல எதுவும் என்னை வாயடைக்கச் செய்ததில்லை.

முகத்தை மட்டும் எங்கும் காணவில்லை. சாயங்காலம் அம்மா வந்து படங்கை அவிழ்த்தபோதுதான் தெரிந்தது. முகம் உள்பக்கமாக இருக்கும்படி கட்டியிருந்தார்.

"ஏம்மா, வெட்கமா இருந்துச்சா?"

"மூஞ்சி நனையக் கூடாதுல்ல" என்றார்.

அடுத்த முறை பரீட்சை எழுதி, விண்ணப்பப் பட்டியலில் இருந்த துறைகளையெல்லாம் எழுதினேன். நாலாவது தெரிவு கிடைத்தது. இப்போது உயிரியல் ஆசிரியர். என் மாணவர்கள் முதல் தெரிவுக்குக் கீழே நாலைந்து துறைகளையும் போட்டு விண்ணப்பித்துவிட்டு வந்து, "படங்கு கட்டியாச்சு சேர்" என்பார்கள். அந்தக் கதையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தவள், என்னையே கட்டிக்கொண்ட சுகந்தி. (நான் அவளுக்கு எத்தனையாவது தெரிவு என்று இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்பதை நிறுத்திவிட்டேன்.)

போன மாதம் மகளை முதலாம் வகுப்பில் சேர்க்க விண்ணப்பம் நிரப்பினேன். ஹட்டனில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றை எழுதிவிட்டுப் பேனையை மூடப்போனேன். அம்மா அடுப்படியிலிருந்து, "படங்கு?" என்றார். மூடியைத் திறந்து இன்னும் இரண்டு பள்ளிக்கூடங்களை எழுதினேன்.

அந்தப் பழைய துண்டு இப்போது அம்மாவின் விறகுக் குவியலை மூடியிருக்கிறது, முகம் இன்னும் உள்பக்கம்தான். கிழிந்து நாராகிவிட்டதே, எறிந்துவிடலாம் என்று அன்றைக்கும் கேட்டுப் பார்த்தேன்.

"இருக்கட்டும்டா. நீ டாக்டரானதும் எறிஞ்சிரலாம்" என்றார் அம்மா.