தண்ணி அடித்தால் நிற்கும் ஃபேன்

சட்டைப் பையில் டெஸ்டர் வைத்திருக்கிறவனை நம்பவே கூடாது. பேனா வைத்திருக்கிறவன் தப்பாக எழுதினால் அடித்துத் திருத்திக்கொள்ளலாம். டெஸ்டர்காரன் தப்புப் பண்ணினால் அடிப்பது கரண்ட். இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மேனாம்பேட்டில் எங்கள் தெருவிலேயே பளபளப்பான டெஸ்டர் என் பையில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போதுகூட அதை எடுத்து வைக்கமாட்டேன். ("கோயில்ல எந்த சாமியாருக்குடா ஷாக் அடிச்சிடப் போவுது?" என்பாள் அம்மா.)

அப்போது நான் கரையான்சாவடியில் ஒரு டூவீலர் ஒர்க்ஷாப்பில் மெக்கானிக். கார்புரேட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவேன். வண்டி தெரிந்தவனுக்கு உலகமே தெரியும் என்பது என் கொள்கை. வீட்டு ஒயரிங்கைப் பற்றி யாரிடமும் கற்றுக்கொள்ளாமல் நானே ஒரு தத்துவம் தயாரித்து வைத்திருந்தேன்.

அது இதுதான். வண்டியில் நியூட்ரல் என்றால் என்ன? இன்ஜின் உறுமும், வண்டி நகராது. சும்மா நிற்கும். ஆக, வீட்டுக்குள் ஓடுகிற நியூட்ரல் ஒயரும் சும்மாதான் இருக்க வேண்டும். ஃபேஸில் கரண்ட் வருகிறது, ஃபேனைச் சுற்றுகிறது, சுற்றிவிட்டு எர்த் வழியாக மண்ணுக்குள் போய்விடுகிறது. நடுவில் இந்த நியூட்ரல், கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி, புதுச்சட்டை போட்டுக்கொண்டு சும்மா கூட நிற்கிறது. ஒர்க்ஷாப்பில் இதை விளக்கியபோது கூட்டாளி ஒருவன், "மாமே, நீ இங்க இருக்க வேண்டிய ஆளே இல்ல" என்றான். நான் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

அந்த மே மாதத்தில் என் தங்கை ஸ்டெல்லாவைப் பெண் பார்க்க ஆவடியிலிருந்து வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். மாப்பிள்ளை அந்தோணி, ஒரு ஃபேக்டரியில் எலக்ட்ரிகல் பிரிவில் வேலை. ஸ்டெல்லா அவரை யாரோ ஒருவர் கல்யாணத்தில் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள். பிடித்திருக்கிறது என்று வாயால் சொல்லவில்லை. மூன்று நாளாகப் பாத்திரம் கழுவும்போது பாடிக்கொண்டிருந்தாள், எங்களுக்குப் புரிந்துவிட்டது. அப்பா இல்லாத வீடு. நல்லபடியாக முடித்துவைக்கிற பொறுப்பு அண்ணனாகிய என்னுடையது.

மாப்பிள்ளையின் அப்பா ஆரோக்கியசாமி ஐயா, நகை கேட்கவில்லை, சீர் கேட்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை. அவர் தன் பங்குக் கோயிலில் குடிக்கு எதிராக ஊர் ஊராகப் பேசுகிறவர். "பொண்ணு ஊட்ல குடிக்கிறவன் ஒருத்தன் இருந்தாலும் வேணாம்" என்று தரகரிடம் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கமே கிடையாது. நான் கோலி சோடாவுக்கே ஏப்பம் விட்டுக் கண் கலங்குகிறவன். அதனால் அந்தப் பக்கம் கவலையே இல்லை என்று நினைத்தோம்.

அன்று மத்தியானம், விருந்தாளிகள் வருவதற்குச் சற்று முன்னால், ஹாலில் திருக்குடும்பப் படத்தை மாட்டலாம் என்று ஆணியும் சுத்தியலும் எடுத்தேன். சுவரில் அடித்தால் சுண்ணாம்பு பொலபொலவென்று கொட்டியது. பக்கத்தில் ஒயர் ஓடுகிற மர ரீப்பர் இருந்தது. மரத்தில் ஆணி அழகாக இறங்குமே! அழகாகத்தான் இறங்கியது. ஃபேன் நின்றது. பிரிட்ஜும் அடங்கியது. (அந்தக் காலத்தில் பிரிட்ஜை ஹாலில்தான் வைப்போம். வாங்கியிருக்கிறோம் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?)

வெயிலில் வருகிறவர்களை ஃபேன் இல்லாத ஹாலில் உட்காரவைக்க முடியுமா, அதுவும் எலக்ட்ரிகல்காரரை? டெஸ்டரை உருவினேன். பிளக்கின் ஒரு ஓட்டையில் வைத்தேன், எரிந்தது. இன்னொரு ஓட்டையில் வைத்தேன், அதிலும் எரிந்தது! உண்மையில், நான் அடித்த ஆணி நியூட்ரலை அறுத்துவிட்டது. திரும்பிப் போக வழியில்லாத கரண்ட், ஃபேனுக்குள் புகுந்து இந்தப் பக்க ஓட்டையில் வந்து நின்றுகொண்டிருந்தது. எனக்கு அது தெரியுமா?

"எம்மா! டபுள் கரண்ட் வருதும்மா!" என்று கூவினேன்.

"டபுளா வந்தா ஏண்டா ஃபேன் சுத்தல?" என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து.

நல்ல கேள்வி. அதைக் காதில் வாங்காமல் தத்துவத்தை நடைமுறைப்படுத்தினேன். சும்மா நிற்கிற நியூட்ரல் போனால் போகட்டும். பிளக்கைக் கழற்றி, ஒரு துண்டு ஒயரை எடுத்து உள்ளே நியூட்ரல் முனையையும் எர்த் முனையையும் சேர்த்து முறுக்கினேன். ஃபேன் சுற்றியது! எங்கள் வீட்டு எர்த் ஒயர் சுவரோரமாகப் போய், கொல்லையில் இருக்கிற அடிபம்பின் குழாயில் சும்மா சுற்றிக் கட்டியிருந்தது. ஆக மொத்தம், ஹாலின் கரண்ட் முழுவதும் இப்போது அடிபம்பு வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

விருந்தாளிகள் வந்தார்கள். செருப்பை வாசலில் விட்டு, அப்போதுதான் துடைத்த ஈரத்தரையில் நடந்து வந்து உட்கார்ந்தார்கள். ஆரோக்கியசாமி ஐயா பிரிட்ஜை ஒட்டிப் போட்டிருந்த நாற்காலியில். அந்தோணி எதிரே, ஃபேனை அண்ணாந்து பார்த்தபடி.

"காத்து நல்லா வருதே" என்றார் ஐயா.

"நானே ஒயரிங் பார்த்தேங்க" என்றேன் அடக்கமாக.

அதே நேரம் ஃபேன் மெதுவானது. மறுபடி சுற்றியது. மறுபடி மெதுவானது. கொல்லையில் 'கிரீச், கிரீச்' என்று சத்தம். பக்கத்து வீட்டு சரோஜா அக்கா எங்கள் பம்பில் தண்ணீர் பிடிக்க வந்திருந்தார். பம்புக் கையை அழுத்துகிறபோதெல்லாம் குழாய் ஆட, சுற்றியிருந்த ஒயர் விட்டுவிட்டுத் தொட்டது. எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. யோசிக்க நேரமில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி முழுத்தொண்டையில் கத்தினேன்:

"யாரும் தண்ணி அடிக்காதீங்க!"

ஐயாவின் முதுகு நேரானது.

"இன்னா தம்பி சொன்னே? இங்க யாரு தண்ணி அடிக்கிறது?"

நான் பதில் சொல்வதற்குள் கொல்லையிலிருந்து பதில் வந்தது. சரோஜா அக்காவின் குரலுக்கு மைக் தேவைப்படாது.

"நான்தாம்பா! இன்னா புச்சா கேக்குற? தெனம் இங்க வந்துதான அடிக்கிறேன்! உங்கம்மாதான் எப்ப வேணா வந்து அடிச்சுக்கோன்னு சொல்லிச்சு!"

ஐயா என் அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "ஆமாங்க, பாவம், அதுக்கு எங்க ஊட்ட உட்டா வேற எடம் ஏது?" என்றாள், தன் தாராள மனசைக் காட்டுவதாக நினைத்துக்கொண்டு.

"பொம்பளைங்களுமா?" என்றார் ஐயா.

"வாங்கடா, போவலாம்" என்று எழுந்தார். எழுவதற்கு ஆதரவாகப் பக்கத்திலிருந்த பிரிட்ஜின் கைப்பிடியைப் பிடித்தார். கொல்லையில் சரோஜா அக்கா கடைசியாக ஒரு அழுத்து அழுத்தினார். ஒயர் கழன்று விழுந்தது. மண்ணுக்குப் போகிற வழியும் போய்விட்டதால், ஃபேன் வழியாக வந்த கரண்ட் எர்த் ஒயரில் ஏறி, மூன்றாவது பின் வழியாகப் பிரிட்ஜின் உடம்பில் வந்து உட்கார்ந்தது.

"மாதாவே!" என்ற ஐயா, எழுந்ததைவிட வேகமாக நாற்காலியில் போய் விழுந்தார். கையை உதறிக்கொண்டு பிரிட்ஜைப் பார்த்த பார்வை, அதுவும் குடித்திருக்கிறது என்பதுபோல் இருந்தது.

காபித் தட்டோடு வந்த ஸ்டெல்லா ஒரே பார்வையில் எல்லாவற்றையும் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்தாள். பதறவில்லை, கத்தவில்லை. நேராகப் போய் மெயினை இறக்கினாள். அப்புறம் ஐயாவுக்குத் தண்ணீர் கொடுத்தாள். "எங்கயாச்சும் வலிக்குதா மாமா?" என்று கேட்டாள். அதன்பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"ண்ணா. இன்னா பண்ணி வச்சே?"

நான் தத்துவத்தைச் சொன்னேன். கியர், நியூட்ரல், சும்மா நிற்பது, எல்லாம். அந்தோணி பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். என் முறுக்கைப் பார்த்தார். சிரிக்கக் கூடாது என்று எவ்வளவோ முயற்சி பண்ணினார்.

"மச்சான்," என்றார். (இன்னும் எதுவும் முடிவாகவில்லை, ஆனாலும் மச்சான் என்றார். எனக்கு மட்டும்தான் அது காதில் விழுந்ததா என்று பார்த்தேன். ஸ்டெல்லாவுக்கும் விழுந்திருந்தது.) "பேரப் பார்த்து ஏமாந்துட்டீங்க. நூட்டல்தான் நாள் பூரா ஒழைக்கிறவன். வந்த கரண்ட்ட தெனமும் திரும்பக் கொண்டுபோய் உடறது அவன்தான். சும்மா நிக்க வேண்டியவன் எர்த்து. எங்கயாச்சும் கரண்ட் பாடியில எறங்கினா மட்டும் ஓடியாந்து புடிப்பான். ஃபயர் சர்வீஸ் மாதிரி. நீங்க ஃபயர் வண்டிய எடுத்துகினு டெய்லி டூட்டிக்குப் போய்ட்டீங்க. அப்புறம் நெருப்புப் புடிச்சா யாரு வருவா?"

"அப்ப தண்ணி அடிக்கிறது?" என்றார் ஐயா, இன்னும் பிரிட்ஜிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சரியாக அப்போது சரோஜா அக்கா, இடுப்பில் தளும்பும் குடத்தோடு வாசலில் எட்டிப் பார்த்தார். "யம்மா, உங்க பம்புல ஒரு ஒயரு கயண்டு கீது, பாத்துக்கோங்க."

ஐயா குடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்ததாக அவர் மனைவியே பிறகு சொன்னார். காபியைக் குடித்துவிட்டு முடிவைச் சொன்னார்: "ஆம்பள கொளுத்திப் போட்டத அந்தப் பொண்ணு ஒரு நிமிசத்துல அணைச்சுது. எங்க ஊட்டுக்கு அதான் வேணும். ஆனா கல்யாணத்துல சீரியல் லைட்டு பக்கம் இவன் வரக் கூடாது."

வரவில்லை. என் தங்கையின் கல்யாணத்தில் நான் வெற்றிலைத் தட்டுக்குப் பொறுப்பு. அதில் ஒயர் எதுவும் இல்லை என்று மூன்று பேர் சரிபார்த்தார்கள்.

பிரிட்ஜ் மாறிவிட்டது. அந்த அடிபம்பும் துருப்பிடித்துப் போய்விட்டது. ஒயரிங் முழுக்க அந்தோணி மச்சான் புதிதாகச் செய்து கொடுத்தார். எர்த்துக்குக் கொல்லையில் தனியாகக் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்கினார். எங்கள் வீட்டில் இன்றும் செருப்பு வாசலைத் தாண்டி உள்ளே வராது. ஒரு ஜோடிக்கு மட்டும் விதிவிலக்கு. பிரிட்ஜுக்குப் பக்கத்தில், ஐயாவுக்கென்று அம்மா வாங்கிவைத்த நீல ரப்பர் செருப்பு. கிறிஸ்துமஸுக்கு வந்தால் முதலில் அதைப் போட்டுக்கொள்வார். புறங்கையால் பிரிட்ஜைத் தொட்டுப் பார்ப்பார். பிறகு, பம்பே இல்லாத கொல்லையைப் பார்த்துக் குரல் கொடுப்பார்:

"யாரும் தண்ணி அடிக்கலியே?"

"நம்பித் தொறங்க மாமா," என்பாள் ஸ்டெல்லா. "அண்ணன் இன்னிக்கு நூட்டல்ல கீது."