யோஸ்தைன் வீட்டுப் பனி மெஷின்

"கழுத்துல என்ன அது? கழட்டு முதல்ல!" என்று மெஷினின் விதிப் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி சமையலறை ஜன்னலிலிருந்து யோஸ்தைன் கத்தினார். "தொங்குற துணி எதுவும் உடம்புல இருக்கக் கூடாது. பக்கம் நாலு, விதி ரெண்டு!"

அவர் மனைவி போர்கில் கம்பளித் துண்டை உருவி வேலிமேல் போட்டாள். கூரையில் காத்திருந்த ஒரு பிடிப் பனி சரியாக அந்த நேரம் பார்த்து அவள் கழுத்துக்குள் இறங்கியது.

"ஐயோ! உன் விதியில தீய வைக்க!"

புத்தாண்டுக்குப் பிறகு விழுந்த முதல் பெரும் பனி. முற்றத்திலிருந்து ரோடு வரை தொடை உயரத்துக்குக் கிடந்தது. பதினோரு மணிக்கு வீட்டுத் தரகர் வருகிறார். யோஸ்தைனுக்கோ வலது மணிக்கட்டில் சுளுக்கு, முழங்கை வரை கட்டு.

"இந்தப் பனி தள்ளுற மெஷின் எல்லாரும் ஓட்டுற சமாச்சாரம் இல்ல. நானே ஓட்ட முடியாதுன்னா நமக்கு இந்த வீடு எதுக்கு? வித்துட்டு டவுன்ல ஃபிளாட்டுக்குப் போயிடலாம்." இரண்டு வாரமாக அவருக்கு இதே பாட்டுதான்.

போர்கிலுக்கு நெஞ்சு எரிந்தது. முப்பது வருடம் விடியும் முன்னே மீன் ஆலைக்குக் கிளம்பியவள். குளிர்காலத்தில் வீடு திரும்பும்போதும் இருட்டாகத்தான் இருக்கும். புத்தாண்டோடு ஓய்வு பெற்று, சொந்த வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து எதிரே இருக்கும் கடலைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கக் கிடைத்து மூன்று வாரம்தான் ஆகிறது. அதற்குள் விற்கிறாராம்!

"நான் ஓட்டறேன்" என்று காலையில் சொல்லிவிட்டாள். "தரகர் வர்றதுக்குள்ள ரோடு வரைக்கும் வழி விட்டுட்டா, வீட்ட விக்கிற பேச்சே எடுக்கக் கூடாது."

"பத்து விரலும் மிச்சம் இருக்கணும்."

"இருக்கும்யா."

"சரி, பாத்துடலாம்" என்று அவரும் ஒத்துக்கொண்டார்.

ஆறு வருட மெஷினில் ஒரு கீறல்கூட இல்லை. மனுஷன் எப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார் என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. சாவியைத் திருகினாள். மூச்சுப் பேச்சில்லை.

"யோவ், சொட்டு பெட்ரோல் இல்லையேய்யா இதுல!"

"ஒவ்வொரு தடவையும் வடிச்சிடுவேன். பாதுகாப்பு!"

புல் வெட்டும் மெஷினுக்கு வைத்திருந்த டப்பாவைத் தேடி ஊற்றினாள். மெஷின் உறுமியது. காதுக் கவசத்தை மாட்டினாள். யோஸ்தைன் என்னவோ கத்தினார். காது கேட்கவில்லை. கழற்றினாள்.

"கழட்டாதே! பக்கம் ஆறு!"

மாட்டினாள். அவர் மறுபடி கத்தினார். கழற்றினாள்.

"குழாய்! குழாய்!"

பனியைத் துப்பும் குழாயைச் சொல்கிறார். எந்தப் பக்கம் என்று சைகையில் கேட்டாள். அவர் கட்டுப் போட்ட வலது கையைத் தூக்கி ஆட்டினார். கைப்பிடியைச் சுற்றிக் குழாயை வலப்பக்கம் திருப்பி, மெஷினைப் பனிக்குள் விட்டாள்.

அடேயப்பா, என்ன வேகம்! இரண்டு வாளிப் பனி பறந்து, திறந்திருந்த ஜன்னல் வழியாகச் சமையலறைக்குள் போய் இறங்கியது. தட்டிலிருந்த வாஃபிள் அப்பத்தைக் காணோம். யோஸ்தைனுக்குப் புருவம்கூட வெளுத்துவிட்டது.

"வலதுன்னு நீதானய்யா காட்டின!"

"அது என் வலது! நான் உன்னப் பாத்துல்ல நிக்கறேன்!"

ஜன்னலைப் படாரென்று சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு புத்தகத்தை விரித்துக் கண்ணாடியில் ஒட்டிக் காட்ட ஆரம்பித்தார். 'முன்னால் தடங்கல் இருக்கிறதா என்று பார்க்கவும்' என்ற வரியை அவள் எட்டி எட்டிப் படித்துக்கொண்டிருந்தபோது, மெஷின் வாசல் மிதியடியை விழுங்கிவிட்டது. கடகடவென்று ஆடி, கம்மென்று அடைத்துக்கொண்டது.

யோஸ்தைன் கண்ணாடியில் டமடமவென்று தட்டினார். மெஷினுக்குள் கையை விடாதே என்று அர்த்தம்.

"எனக்கா சொல்லித் தர்ற!" என்று முணுமுணுத்தாள் போர்கில். மீன் வெட்டும் மெஷின் பக்கத்தில் முப்பது வருடம் நின்று பத்து விரலோடு ஓய்வு பெற்றவள் அவள். எஞ்சினை அணைத்தாள். சாவியை உருவினாள். உள்ளே கத்தி சுற்றுவது முழுசாக நிற்கும்வரை பொறுத்தாள். பிறகு துடைப்பக் கட்டையை விட்டுக் குடைந்தாள். மிதியடி நாராக வந்தது.

எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தாள். சாவியைத்தான் காணோம்.

"கீழ விழுந்துடுச்சுய்யா!"

யோஸ்தைன் வீட்டுச் செருப்போடு ஓடி வந்தார். இருவரும் முட்டி போட்டுப் பனியைக் கிளறினார்கள். அவர் இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டார்.

"கை வலிக்கலையா உனக்கு?"

"பதட்டத்துல தெரியல" என்று சொல்லிக் கையை அவசரமாக மடக்கிக்கொண்டார். கால் மணி நேரம் தேடியபின் சாவி அவருடைய செருப்புக்குள்ளேயே அகப்பட்டது.

"நீ உள்ள போ. புஸ்தகத்தையும் எடுத்துக்கிட்டுப் போ" என்றாள்.

அதன் பிறகு ஜன்னல் பக்கம் அவள் திரும்பவே இல்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தானே பார்த்தாள். வழியில் கிடந்த கல், கட்டையை முதலில் பொறுக்கினாள். மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினாள். மெஷின் சொன்ன பேச்சு கேட்டது. கடலுக்கு மேலே வெளிச்சம் பரவியபோது அவளுக்குப் பாடவேண்டும் போலக்கூட இருந்தது.

பத்து நாற்பதுக்கு ரோட்டைத் தொட்டாள். கையை உயர்த்தி ஒரு ஆட்டம் போட்டாள்.

அந்த நேரம் பார்த்து ரோட்டுப் பனி தள்ளும் தூரிட்டின் டிராக்டர் வந்தது. சர்ரென்று கடந்தது. போர்கில் வெட்டிய வழியின் முனையில் இடுப்பளவுக்கு ஒரு பனிச்சுவர் நின்றது.

"அடியே தூரிட்! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

டிராக்டர் வளைவைத் தாண்டிவிட்டது. ஜன்னலில் யோஸ்தைன் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

அழுகை வந்தது அவளுக்கு. அழ நேரமில்லை. கெட்டிக் கட்டிகளை மண்வெட்டியால் உடைத்தாள். உடைத்ததை மெஷினுக்கு ஊட்டினாள். பத்து ஐம்பத்தைந்துக்குத் தரகரின் கார் வந்து நின்றது. அவர் பளபளக்கும் ஷூவோடு இறங்கி நெருங்கினார்.

"முன்னாடி வராதீங்க! தள்ளி நில்லுங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் பதினைந்து அடி பின்வாங்கினார்.

சரியாகப் பதினோரு மணிக்குச் சுவர் உடைந்தது. எஞ்சினை அணைத்து, சாவியை உருவிப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். கையுறையைக் கழற்றிப் பத்து விரலையும் ஜன்னலுக்குக் காட்டினாள்.

யோஸ்தைன் வெளியே வந்தார். "வீடு விக்கறதா இல்லைங்க" என்று அவரே தரகரிடம் சொல்லி அனுப்பினார்.

"நாளையிலேர்ந்து மெஷின் என்னுது" என்றாள் போர்கில்.

"தாராளமா!" கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டபோதுகூட மனுஷன் இவ்வளவு வேகமாகப் பதில் சொன்னதில்லை. சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார்.

டிராக்டர் திரும்பி வந்து நின்றது. தூரிட் குதித்து இறங்கினாள்.

"போர்கிலக்கா, சுவர் வெச்சதுக்குத் திட்டாதீங்க, நிறுத்த முடியல. ஆனா நீங்களா இவ்வளவையும் தள்ளினீங்க? சபாஷ்!"

"இதுல என்னடி இருக்கு? ஆறு வருஷமா உங்க யோஸ்தைன் அண்ணன் ஒத்தை ஆளா தள்ளலையா?"

தூரிட் விழித்தாள்.

"அண்ணனா? நீங்க வேலைக்குக் கெளம்பினதும் தெனம் இந்த டிராக்டரால நான்தானேக்கா தள்ளிக் குடுத்தேன். இனிமே வீட்டு முற்றத்துல எறங்கக் கூடாதுன்னு கம்பெனி சொல்லிடுச்சுன்னதும், 'வீட்ட வித்தாலும் விப்பேன், அந்த மெஷினத் தொடமாட்டேன்'னு அண்ணன் எங்கிட்ட அழுதாரே!"